கமலா வீட்டு ரேடியோவுக்கு ஒரு காற்றாடி

புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப் பை, அதற்குள் ஒரு சட்டையும் ஒரு கைலியும். காலில் டயர் செருப்பு. இடது கால் செருப்பின் வார் வழியிலேயே அறுந்துவிட்டது, அதைக் கையில் பிடித்துக்கொண்டேன். தோட்டத்தில் என்னை யாரும் விரட்டவில்லை. புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் வேலை. கண் எரியும், இருமல் வரும், சம்பளமும் வரும். அதற்கு முன்னால் ஒரு மரப்பட்டறை, அதற்கும் முன்னால் ஒரு லாரி. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வோர் இடத்தையும் நான்தான் விட்டுக்கொண்டிருந்தேன். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. எனக்கு அது கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டதாக நினைப்பு.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த நடையை இப்போது நினைத்துக்கொண்டதற்கு உங்களில் ஒருவர்தான் காரணம். பெயர் சொல்லவில்லை. போன வாரம் நான் சும்மா நம் கணினிக் கடைப் பக்கம் வந்திருந்தேன். ஒரு வாடிக்கையாளர், வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிற பையன், தன் கணினிக்குச் சத்தமில்லாத காற்றாடி, ஃபேன், கேட்டான். நம் ஆள் ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஓட்டிக் காட்டி, "பாருங்க பாஸ், சத்தமே இல்ல" என்றார். கடைக்குள் ஏர்கோன் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, வெளியே மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. இதற்கு நடுவில் ஒரு புலி உறுமினாலும் சத்தமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பையன் மறுநாளே திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படியேதான் கையில் பிடித்துக் காது வைத்துத் தேர்ந்தெடுத்தவன். அந்தக் கதையைச் சொல்கிறேன், உபயோகப்பட்டால் சரி.

காஜா பெராங் வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. ரோட்டோரம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. அதன் முன்னால் நிழலும் குடிக்கத் தண்ணீர்ப் பானையும் இருந்ததால் நின்றேன். உள்ளே கடைக்காரர், ஒல்லியான சீனர், எல்லாரும் முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்று கூப்பிடுகிறவர், கையைக் கட்டிக்கொண்டு திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டிருந்தவர் ஓர் அம்மாள். கெபாயா சட்டை, சாரோங், கொண்டையில் ஊசி, நெற்றியில் திருநீறு. திருநீற்றைப் பார்த்துவிட்டு நான் தமிழில், "என்னம்மா பிரச்சினை?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, மலாயில் பேசு என்றார். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பல தலைமுறையாக வாழும் மலாக்கா செட்டிகள் அவர்கள். கோயில், பூஜை எல்லாம் நம்முடையதுதான், வாயில் மட்டும் மலாய். இனி அவர் பேசுவதை எல்லாம் தமிழாக்கித்தான் சொல்கிறேன். அவர் பெயர் கமலா. நான் மலாய் வழக்கப்படி மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிட்டேன்.

விஷயம் இதுதான். மக்சிக்கின் ஒரே மகள் பார்வதி சிங்கப்பூரில் தையல் வேலை செய்கிறாள். நன்றாகப் பாடுவாள். அன்று சாயங்காலம் ரேடியோவில் பந்துன் என்ற மலாய் நாலடிப் பாட்டு நிகழ்ச்சியில் பாடப் போகிறாள். மக்சிக்கின் செத்துப்போன கணவருடைய அண்ணன், கம்பத்தில் வார்த்தைக்கு மரியாதை உள்ள பெரியவர், இதைக் கேட்டதும், கல்யாண வீட்டில் பாட வேண்டிய பெண் ஊரார் காதுக்கெல்லாம் எதற்குப் பாட வேண்டும் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். மக்சிக் அங்கேயே, "நீங்களே என் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்று எல்லாரையும் அழைத்துவிட்டார். அவர் வீட்டு ரேடியோ மகள் முதல் சம்பளம் சேர்த்து வாங்கி அனுப்பியது. அது இப்போது கொஞ்ச நேரம் பாடியதும் குரல் இறங்கி, முனகி, நின்றுபோகிறது. ஆறவைத்தால் மறுபடி பாடும்.

டிரான்ஸ்பார்மர் கெட்டுக்கொண்டு வருகிறது, புதிது சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், அடுத்த வாரம்தான் என்றார் தவுக்கே. வேறு ரேடியோ கொண்டுபோய் வைக்கலாமே என்றேன். மக்சிக் என்னை முறைத்தார். அந்த ரேடியோவைக் கம்பமே பார்த்திருக்கிறது, மாற்றி வைத்தால் பெரியவர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார், மகள் வாங்கிக் கொடுத்தது ஒரு வருஷம்கூட உழைக்கவில்லை என்று அதையும் சேர்த்துச் சொல்வார். அப்படியென்றால் மகள் பாடும்போது மட்டும் போடுங்கள் என்றேன். எத்தனையாவதாகப் பாடுவாள் என்று யாருக்குத் தெரியும்? ஆக, அந்த ரேடியோதான் பாட வேண்டும், முதலிலிருந்து கடைசிவரை பாட வேண்டும், அதற்கு உடம்பு சரியில்லை என்பது யாருக்கும் தெரியவும் கூடாது.

"பின்னால் காற்று அடித்தால் தாங்கும்," என்றார் தவுக்கே. "ஆனால் என்னால் கடையை விட்டு வர முடியாது."

மக்சிக் என் பக்கம் திரும்பினார். "நீ சும்மாதானே நிற்கிறாய்?"

"சாப்பாடு உண்டா?" என்றேன்.

"மீன் குழம்பு."

இப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன்.

கடையில் மூன்று மேசைக் காற்றாடிகள் இருந்தன, எல்லாம் பழையவை. ஒன்று பெரியது, அகலமான இரும்பு இறக்கை, பானை மாதிரி அடிப்பாகம், பச்சைப் பெயிண்ட் உரிந்தது. ஒன்று நடுத்தரம், அதற்குக் கழுத்து ஆடியது. மூன்றாவது சின்னது, பித்தளை இறக்கை, பொம்மை மாதிரி அழகு. ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி, ஓடவிட்டு, காதருகே வைத்தேன். வாசலில் பஸ் போனது, மாட்டு வண்டி போனது, பக்கத்துக் கடையில் தகரம் தட்டினார்கள். பெரியது 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகியது. சின்னது சத்தமே போடவில்லை. தூக்கவும் சுலபம். சின்னதை எடுத்துக்கொண்டேன். தவுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொரு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

மக்சிக் வீட்டுக்குள் காலை வைத்ததும் முதலில் எனக்குத் தெரிந்தது, அங்கே எவ்வளவு அமைதி என்பதுதான். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு தேக்கு அலமாரி. அதன் மேல் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்து வைத்த ரேடியோ. நான் அலமாரி மேல் காற்றாடியை வைத்து ஓடவிட்டேன். தகர டப்பாவுக்குள் குளவி அடைபட்ட மாதிரி இரைந்தது. கையில் தூக்கினால் சத்தம் இல்லை. வைத்தால் இரைச்சல். காற்றாடி நடுங்குகிறது, அலமாரி உள்ளே காலியாக இருப்பதால் அந்த நடுக்கத்தை வாங்கி முரசு அடிக்கிறது. உங்கள் கணினிப் பெட்டியும் காலித் தகரம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். உள்ளங்கை சதை. அது நடுக்கத்தைத் தின்றுவிடும், பெட்டி தின்னாது.

அறுந்த டயர் செருப்பு கையில் இருந்தது. அடுப்படியில் கத்தி வாங்கி அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் காற்றாடிக்குக் கீழே வைத்தேன். குளவி அடங்கிவிட்டது. மக்சிக் முதல்முறையாகச் சிரித்தார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. ரேடியோவைப் போட்டுப் பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

போட்டார். எண்ணெய்ச் சட்டியில் எதையோ அள்ளிக் கொட்டிய மாதிரி 'சர்ர்ர்' என்றது. காற்றாடியை நிறுத்தினால் குரல் சுத்தம். ஓடவிட்டால் சர்ர்ர்.

மக்சிக் இடுப்பில் கை வைத்தார். "என் மகள் பாடப் போகிறாளா, அப்பளம் பொரிக்கப் போகிறாளா?"

காற்றாடியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன், ஒரு கால் வெறுங்காலோடு. தார் ரோடு எப்படிச் சுட்டது என்று சொல்லத் தேவையில்லை. தவுக்கே வேலை செய்துகொண்டிருந்த ரேடியோ மேசை மேல் பாடிக்கொண்டிருந்தது. இந்த முறை காற்றாடிக்குக் காது கொடுக்கவில்லை. அந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்து, ஓட்டி, ரேடியோவுக்குக் காது கொடுத்தேன். சின்னதை ஓட்டினால் அப்பளம். நடுத்தரத்தை ஓட்டினால் ரேடியோ சுத்தம், ஆனால் கழுத்து 'டக் டக்' என்று ஆடியது. பெரியதை ஓட்டினால் ரேடியோ ஒன்றுமே சொல்லவில்லை. தவுக்கே அப்போதுதான் தலையைத் தூக்கி, சின்னதுக்குள் கரித்துண்டு உரசிப் பொறி பறக்கும், மனிதக் காதுக்குக் கேட்காது, ரேடியோவுக்குக் கேட்கும் என்றார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். நீ கேட்கவே இல்லையே என்றார். அது சரிதான். பெரியதன் ஒரே குறை அந்த அடித்தொண்டை முனகல். வேகத்தை ஆகக் குறைத்துப் பார்த்தேன், முனகல் பாதியாகிவிட்டது. இறக்கை அகலம் என்பதால் மெதுவாகச் சுற்றினாலும் காற்று வந்துகொண்டே இருந்தது.

அதைத் தோளில் வைத்துக்கொண்டு கம்பத்துக்குள் நடந்தேன். கிணற்றடியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "மெர்டேக்காவுக்கு வெள்ளைக்காரரை இதில்தான் ஊதி அனுப்பப் போகிறீர்களா?" என்று கேட்டார். நான் அதை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அலமாரியை மூலையிலிருந்து இழுத்து, அடுப்படிக்குப் போகும் உள்வாசலுக்கு முன்னால் போட்டேன். அதற்குப் பின்னால், சற்றுத் தள்ளி, சாக்கை மடித்து ஒரு முக்காலி மேல் வைத்து, அதில் காற்றாடியை நிறுத்தினேன். கூடத்தில் உட்கார்ந்தால் முனகல் காதில் விழவில்லை. ரேடியோவைப் போட்டுப் பின்பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூடு ஏறவில்லை. குரலும் இறங்கவில்லை. மக்சிக் அதைப் பார்த்துவிட்டுப் போய் எனக்குச் சோறு போட்டார். அந்த மீன் குழம்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நான் சாப்பிட்டுக் கை கழுவி, கிணற்றடியில் முகம் கழுவி, மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு வருவதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. முன்னால் நாற்காலியில் பெரியவர், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சாரோங். மற்றவர்கள் பாயில். பெரியவர் என்ன முகம் காட்டுவார் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நிகழ்ச்சி தொடங்கியது. ஒருவர் பாடினார், இன்னொருவர் பாடினார். பார்வதி வரவில்லை. மூன்றாவது பாடகரின் குரல் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

பெரியவர் தலையைச் சாய்த்தார். "இந்த ஆள் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டே பாடுகிறாரா?"

யாரோ சிரித்தார்கள். மக்சிக் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். காற்றாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரேடியோவுக்குள்ளிருந்து டிரான்ஸ்பார்மர் மெழுகு உருகும் வாசனை வந்தது. அப்போதுதான் பார்த்தேன். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மக்சிக் ரேடியோவுக்கு மணி கோத்த புதுத் துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார். மேலே மல்லிகை மாலை. துணி பின்பக்கம் தரைக்கு இழுபடுகிற மாதிரி தொங்கியது. ரேடியோவின் மூச்சுத் துளைகள் அத்தனையும் மூடியிருந்தன. நான் அடித்த காற்று முழுவதும் துணிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

தம்பிகளே, அழகுக்கென்று வைக்கும் எதுவும் முதலில் மூச்சைத்தான் அடைக்கும். மேசைக்குக் கீழே, அலமாரிக்குள்ளே, திரைச்சீலைக்குப் பின்னாலே என்று கணினியை ஒளித்துவைக்கும் வீடுகளுக்கு நீங்கள் போவீர்கள். காற்றாடியைக் குறை சொல்வதற்கு முன் காற்று எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

ஆனால் அன்றைக்குத் தெரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை, செய்வதுதான் கஷ்டம். சபை நடுவில் துணியை உருவினால் ரேடியோவுக்குச் சீக்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். விட்டுவைத்தால் பார்வதி வருவதற்குள் அது செத்துவிடும். பாடகர் இன்னும் ஒரு படி கிணற்றுக்குள் இறங்கினார். பெரியவரின் உதட்டோரம் அசைந்தது.

நேராக ரேடியோவிடம் போனேன். இரண்டு கையாலும் மாலையை எடுத்தேன். எனக்குத் தெரிந்த மலாயில், சபைக்குக் கேட்கும்படி சொன்னேன்: "பெண் பாடுவதற்கு முன்னால் குடும்பத்து மூத்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று மக்சிக் சொன்னார்." சொல்லிக்கொண்டே மாலையைப் பெரியவர் கழுத்தில் போட்டேன். திரும்பிப் போய் மணித் துணியை உருவிப் பொன்னாடை மாதிரி அவர் தோளில் போர்த்தினேன்.

உடனே மக்சிக் எழுந்து, கை கூப்பி, "ஆமாம், நீங்கள்தானே அவளுக்கு அப்பா ஸ்தானம்" என்றார். பாயில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொண்ட மாதிரி பெரியவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கழுத்தில் மாலை விழுந்த பிறகு ஒருவரால் கேலி பேச முடியாது. முயன்று பாருங்கள், முகமே ஒத்துழைக்காது.

நான் உள்ளே போய்க் காற்றாடியின் வேகத்தை ஒரு படி கூட்டினேன். மெதுவாக, மிக மெதுவாக, பாடகர் கிணற்றிலிருந்து ஏறி வந்தார்.

அப்பாடா என்று நினைத்தபோது பெரியவர் என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். மணி கோத்த துணி கனம், கூடத்தில் கூட்டம், அவருக்கு வியர்த்து வழிந்தது. "உள்ளே காற்றாடி சும்மாதானே சுற்றுகிறது. அதை இந்தப் பக்கம் திருப்பு."

திருப்பினால் ரேடியோ போச்சு. திருப்ப முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். காற்றாடியைத் திருப்பாமல் அவரைத் திருப்புவது என்று முடிவு செய்தேன். "பாக்சிக், நீங்கள் பக்கத்தில் வாருங்கள், பெண்ணின் குரல் நன்றாகக் கேட்கும்" என்று மலாய் மரியாதையில் மாமா முறை வைத்துச் சொல்லி, அவர் நாற்காலியை ரேடியோவுக்கு நேர் முன்னால் நகர்த்திப் போட்டேன். காற்று ரேடியோவின் முதுகில் பட்டு, அதன் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, மேலாகவும் பக்கமாகவும் வழிந்து அவர் முகத்தில் அடித்தது. முன்னால் வழி திறந்திருந்ததால் அந்தச் சூடு தங்காமல் போய்க்கொண்டே இருந்தது. நல்ல ஏற்பாடு, பெரியவருக்கு மட்டும் கொஞ்சம் சிரமம்.

"காற்று சூடாக வருகிறதே" என்றார் அவர்.

"இன்றைக்கு வெயில் அதிகம்" என்றார் மக்சிக், கண் இமைக்காமல்.

அப்போது அறிவிப்பாளர் பார்வதி பெயரைச் சொன்னார்.

எனக்குப் பந்துன் பாட்டின் நுணுக்கம் தெரியாது. இழைந்து இழைந்து போகும், இரண்டு வரி ஊரைப் பற்றி, இரண்டு வரி மனசைப் பற்றி. அவள் பாடியதில் ஒரு கண்ணி எனக்கும் புரிந்தது. கடலோரத்தில் வளர்ந்தவள் தூர ஊரில் தைக்கிறாள், ஒவ்வொரு தையலிலும் அம்மாவின் வாசல் தெரிகிறது என்று. குரலில் ஒரு பிசிறு இல்லை. அப்பளம் இல்லை, முனகல் இல்லை, கிணறு இல்லை. அந்தப் பெண் அலமாரி மேல் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. மக்சிக் ரேடியோவைப் பார்க்கவில்லை. பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. பெரியவர் மாலையில் ஒரு பூவைக் கிள்ளி, விரலில் உருட்டினார். "உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது," என்றார். கொஞ்சம் கழித்து, "அவள் அப்பா குரல்" என்றார்.

எல்லாரும் எழப் போனார்கள். நான் ஓடிப்போய் ரேடியோவை அணைக்கப் பார்த்தேன். மக்சிக் கையை நீட்டித் தடுத்தார். அடுத்து செய்தி வந்தது. அதைக் கேட்கவைத்தார். ரப்பர் விலை வந்தது. அதையும் கேட்கவைத்தார். மகள் வாங்கிக் கொடுத்த ரேடியோ எவ்வளவு நேரம் உழைக்கும் என்று கம்பம் முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனது.

காற்றாடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். தவுக்கே கதையைக் கேட்டு, பொன்னாடை இடத்தில் மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். கடை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதைத் திண்ணையில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார். காலையில் உஜோங் பாசிர் பக்கம் போய் மீன்பிடிப் படகில் வேலை கேட்பதாக என் திட்டம்.

காலையில் என்னை எழுப்பியது பெரியவரின் குரல். சைக்கிளை நிறுத்திவிட்டுத் தவுக்கேயிடம் பேசிக்கொண்டிருந்தார். தன் வீட்டு ரேடியோவும் கொஞ்ச நாளாகச் சூடாகிறதாம், பாதியில் குரல் இறங்குகிறதாம். இதுவரை வெளியில் சொல்லவில்லையாம். சொல்லும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டார். "நேற்று அங்கே ஓடியதே, அந்தக் காற்றாடி வேண்டும். அதை வைக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்."

தவுக்கே என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்கள் ஆள்தான், இதோ வருகிறான்" என்றார். சம்பளம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பச்சைப் பெயிண்ட் உரிந்த காற்றாடியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு, பெரியவரின் சைக்கிளுக்குப் பின்னால் நடந்தேன். அவர் வீட்டு வாசலிலிருந்தே ரேடியோ தெரிந்தது. அதன் மேல், தரைவரை தொங்கும்படி, அந்த மணி கோத்த துணி.